துரை திட்டாத நாள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியோ சின்ன வயதில் வாங்கிய அடிக்கு வந்துவிடுகிறது. கணக்கு வாத்தியார் கையில் பிரம்பு, சயின்ஸ் டீச்சர் கையில் புளியங்குச்சி என்று ஆளாளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். என்னிடம் அடிக் கதை அதிகம் இல்லை. திட்டுக் கதைதான் இருக்கிறது, அதுவும் இங்கிலீஷ் திட்டு. பள்ளிக்கூடத்தில் ஆறாவதிலிருந்து இங்கிலீஷ் சொல்லித்தந்தார்கள், நானும் படித்தேன். ஆனால் வாயில் நின்ற முதல் இருபது முப்பது வார்த்தைகள் நான்சென்ஸ், இடியட், ராஸ்கல், ஃபூல், கேர்லெஸ், யூஸ்லெஸ் வகையறாதான். நாய், பூனை, பந்தெல்லாம் அப்புறம் வந்தவை.

இந்தச் சரக்கை உத்திரமேரூர் பக்கம் எங்கள் கிராமமான பெருநகருக்குக் கொண்டுவந்தவர் என் அத்தையின் வீட்டுக்காரர். எனக்கு மாமா. அத்தை என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மாமா மெட்ராஸில் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்பெனியில் பதினாலு வருஷம் அட்டெண்டராக இருந்தார். ஒரு தை மாதம் இரும்புப் பெட்டியும் அத்தையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினார். கம்பெனியில் ஆளைக் குறைக்கிறார்கள் என்றார். பிள்ளை குட்டி இல்லை. அத்தை பிறந்த வீட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தோம். நான் எட்டாவது முடித்த கோடை லீவில் அவர்கள் வந்து ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. நான் சொல்லப்போவது அந்தக் கோடையைப் பற்றித்தான்.

மாமாவுடைய முதலாளியை அவர் துரை என்பார். துரை வெள்ளைக்காரர் இல்லை, நம் நிறத்தவர்தானாம். ஆனால் கீழே வேலை செய்பவர்களிடம் இங்கிலீஷைத் தவிர வேறு பேசமாட்டார். பேசுவதும் திட்டுவதற்காக மட்டும். ஆகப் பதினாலு வருஷத்தில் மாமா காதில் விழுந்த இங்கிலீஷ் மொத்தமும் திட்டுதான். அகராதி அர்த்தம் எதுவும் அவருக்குத் தெரியாது. எந்தச் சமயத்தில் எது விழுந்தது என்பது மட்டும் பிசகாமல் தெரியும்.

"மாமா, நான்சென்ஸ்னா இன்னா?"

"டீ ஆறிப்பூட்டா சொல்றது."

"இடியட்னா?"

"போன் மணி அடிச்சிக்கினே கீது, நாம எடுக்கல. அப்ப."

"கேர்லெஸ்?"

"பைலு மேல தண்ணி பட்டா."

"ராஸ்கல்?"

மாமா சிரித்துவிட்டார். "அது துரை குஷியா கீறப்ப சொல்றது பாப்பா. ராஸ்கல்னு சொன்னாருன்னா அன்னிக்கு லீவு கேட்டா கெடைக்கும்."

இதையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிவைத்தேன். இடது பக்கம் திட்டு, வலது பக்கம் சமயம். ஜன்னலைச் சாத்தாமல் விட்டு மழை உள்ளே அடித்தால் யூ ஃபூல். லிஃப்ட் நின்றுபோனால் டேமிட், இதில் நம்மைத் திட்டவில்லை, லிஃப்டைத் திட்டுகிறார். கையெழுத்துக்கு நீட்டிய பேனாவில் மை இல்லாவிட்டால் யூஸ்லெஸ். அந்த நோட்டு எந்தக் கரையானுக்குப் போயிற்றோ தெரியாது.

சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் மாமாவைச் சுற்றிக்கொள்ளும். "எனுக்கு மாமா, எனுக்கு" என்று கேட்டு வாங்கும். ஆளுக்கு ஒரு திட்டு. குரலை ஏற்றி, புருவத்தைத் தூக்கி, துரை மாதிரியே மேஜையைத் தட்டுவதுபோலத் தொடையைத் தட்டிச் சொல்வார். எனக்குக் கிடைத்தது கிளம்ஸி. குடத்துத் தண்ணீரை வாசலெல்லாம் சிந்திக்கொண்டே வந்ததால். பக்கத்து வீட்டுப் பெண் தனக்கு மட்டும் எதுவும் வரவில்லை என்று அழுதாள். அவளைக் கூப்பிட்டு "நியூசென்ஸ்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொல்ல ஓடினாள். அவள் அம்மாவும் சந்தோஷப்பட்டாள். இங்கிலீஷில் திட்டு வாங்குவது எங்கள் தெருவில் ஒரு மரியாதை. தமிழில் திட்டினால் இரண்டு நாள் உறைக்கும். இது உறைக்கவே இல்லை.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், பொழுது நிறைய இருக்கிறது. அந்த வார்த்தைகள் எல்லாம் எங்கே பிறந்தவை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்கிறேன். கிளம்ஸி என்றால் முதலில் குளிரில் கை விறைத்துப்போனவர் என்று அர்த்தமாம். கத்திரி வெயிலில் பெருநகரில் நின்ற என்னைப் போய்! ஃபூல் என்பது கொல்லன் துருத்தி, உள்ளே வெறும் காற்று. ஸ்டுப்பிட் என்றால் அடி விழுந்து திகைத்து நிற்பவன். இடியட் கிரேக்கத்திலிருந்து வந்தது: ஊர்ப் பொதுக் காரியத்தில் சேராமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருப்பவன். உத்திரமேரூரில் கோயில் சுவரிலேயே யார் யார் பொதுக் காரியத்துக்கு ஆகமாட்டார்கள் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள், ஆகவே அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியப்பட்டது வில்லனுக்குத்தான். சினிமாவில் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிற வில்லன் பூர்வத்தில் பண்ணையில் வேலை செய்த கிராமத்து ஆள், அவ்வளவுதான். நேவ் என்று ஒரு திட்டு உண்டு, அதற்கு முதல் அர்த்தம் சின்னப் பையன், பிறகு எடுபிடி. யார் கீழே இருந்தார்களோ அவர்கள் பெயரே திட்டாகிவிட்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரனைக் குறை சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளை அழுக்காக வந்தால் எந்தச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவர்கள்தான் எங்கள் நிலத்தில் நாற்று நட்டார்கள்.

கடிதத்துக்கு வருகிறேன்.

மாமாவின் பெட்டியில் ஒரு உறை இருந்தது. வேலையிலிருந்து நிற்கும்போது துரை தன் கையால் கொடுத்தது. கெட்டியான காகிதம், மேலே கம்பெனிப் பெயர் தடவினால் தட்டுப்படும், கீழே முத்திரை. மாமாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நைனாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். முதல் வரியில் நீண்ட காலத் தொடர்புக்கு நன்றி என்று இருப்பதைக் கண்டுபிடித்தார். கடைசியில் கையெழுத்துக்கு மேலே யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி என்று இருந்தது. "பாத்தியா, விசுவாசமான ஆளுனு எழுதிக்கீறான்" என்றார். அன்றைக்கே உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சாமிப் படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடைக்கு எடுத்துப் போனார். தங்கக் கோடு போட்ட அட்டையும் மரச் சட்டமுமாக வந்து, கூடத்தில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் தொங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் அம்மா அதற்கும் சேர்த்து நாலு மூலையிலும் மேலே நடுவிலும் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

ஊரில் படித்தவர்களே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் வந்து அண்ணாந்து பார்த்தார். "ஹைகிளாஸ் பேப்பர்" என்றார். கணக்குப்பிள்ளை வந்தார், முத்திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். குங்குமம் வைத்த ஒன்றை யார் எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள்? புரியவில்லை என்று சொல்லவும் எவருக்கும் மனசு வரவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் கும்பிடாத குறையாகப் போனார்கள்.

அத்தைக்கு மட்டும் அந்தச் சட்டத்தின் மேல் வேறு கணக்கு. உத்திரமேரூரில் புதிதாக ஒரு தனியார் பள்ளி திறந்திருந்தார்கள். அட்டெண்டர் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்றும், அட்டெண்டருக்குப் பின்பக்கம் ஒரு அறையும் உண்டு என்றும் நைனா கேள்விப்பட்டு வந்தார். தாளாளர் முன் வேலை பார்த்த இடத்து சர்டிபிகேட் கேட்கிறாராம். அன்றையிலிருந்து அத்தை அந்த அறையைப் பற்றியே பேசினாள். அடுப்பு எந்த மூலையில் இருக்கும், ஜன்னல் இருக்குமா, தண்ணீர் எங்கே. தனக்கென்று ஒரு அடுப்பு. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு என்ன குறை என்று நினைத்தேன். அவர்கள் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டு நெல்லை அவிக்க ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து ஒரு அம்மாள் வருவாள். அத்தை வந்ததும் அம்மா அவளை நிறுத்திவிட்டாள். ஊறவைத்த நெல்லை அண்டாவில் போட்டு, தோட்டத்துக் கோட்டை அடுப்பில் ஏற்றி, புகையில் கண் சிவக்க நின்று, பதம் பார்த்து இறக்கிக் களத்தில் கொட்டிக் காயவைப்பது எல்லாம் அத்தை தலையில். அம்மா ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. "பாவம், உனக்கும் பொழுது போவணுமே" என்பாள். மாமா சாப்பிட உட்கார்ந்தால், "நல்லா சாப்டுங்கண்ணா, உங்குளுக்கு இன்னா, நேரத்துக்கு ஓடணுமா கொள்ளணுமா" என்பாள். சிரித்த முகத்தோடுதான். மாமா இரண்டாம் முறை சோறு வாங்கமாட்டார். திட்டு வார்த்தைகளை நோட்டுப் போட்டுச் சேர்த்த எனக்கு, தினம் இரண்டு வேளை கூடத்தில் விழுந்த இந்தத் திட்டு காதில் ஏறவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என்னிடம் ஒரு அகராதி இருந்தது. பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை மடித்துக் கொடுப்பவரிடம் பழைய புத்தகத்தோடு வந்தது. முன்பக்கம் ஏ, பி, சி மூன்றும் கடலையோடு போயிருந்தன, பின்பக்கம் யூவிலிருந்து காணோம். மிச்சத்தை என் பழைய நோட்டுகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். லீவில் படிக்க ஒன்றும் இல்லாமல் ஒருநாள் முக்காலியைப் போட்டு ஏறி அந்தக் கடிதத்தை எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு வரி. காய்ந்த சந்தனத்துக்கு அடியில் இருந்த வார்த்தைக்கு நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. நோட்டில் இல்லாத திட்டு ஏதாவது கிடைக்கும் என்ற எண்ணமே எனக்கு இல்லை. பாராட்டு எப்படி எழுதுவார்கள் என்று பார்க்கத்தான் ஏறினேன்.

இன்சபார்டினேஷன் என்பதற்குக் கீழ்ப்படியாமை என்று போட்டிருந்தது. சரி, அது யாரையோ பற்றி என்று நினைத்தேன். ரிப்ரிமாண்ட் என்றால் கடுமையான கண்டனம். இன்சொலன்ட் என்றால் திமிர் பிடித்த, மரியாதையற்ற. டிஸ்பென்ஸ் வித் என்றால் வேண்டாம் என்று விட்டுவிடுதல். அன்பிகமிங் என்று ஒன்று இருந்தது, அது கடைசிவரை என் அகராதியில் கிடைக்கவில்லை. கிடைத்தவையே போதுமானதாக இருந்தன. அதில் ஒரு வார்த்தை கூட துரை வாயால் மாமாவைத் திட்டியது இல்லை. எல்லாம் புது வார்த்தைகள், நீளமானவை, சத்தம் இல்லாதவை. நடத்தை சரியில்லை, முதலாளியிடம் திமிராகப் பேசினார், கண்டிக்கிறோம், இனி நீங்கள் தேவையில்லை. இதைத்தான் முருகன் பக்கத்தில் மாட்டியிருந்தோம். தாளாளரைப் பார்க்கப் போக இன்னும் மூன்று நாள் இருந்தது.

மாமாவிடம்தான் சொன்னேன். கோடையில் செய்யாறு வெறும் மணல். ஊற்று தோண்டித்தான் குடிதண்ணீர் எடுப்போம். ஊரில் ஆம்பிளைகள் குடம் தூக்கமாட்டார்கள், மாமா தூக்குவார். ஊற்றில் தண்ணீர் சுரக்கக் காத்திருந்தபோது எழுதிவைத்த தாளை எடுத்துப் படித்து அர்த்தம் சொன்னேன். மாமா இன்சொலன்ட் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எப்ப சொல்றது?"

எனக்குத் தெரியாது என்றேன். அவரே சற்று யோசித்தார்.

"அதுவாதான் இருக்கும்" என்றார். "தோட்டக்காரக் கெழவன் ஒர்த்தன் இருந்தான் பாப்பா. பொண்ணு பிரசவத்துக்குப் பூட்டான், ரெண்டு நாளு. தொட்டிச் செடியெல்லாம் வாடிப்பூட்டுது. திரும்பி வந்தவன வெயில்ல நிக்க வச்சி, எல்லார் எதுருலயும் துரை கால்ல கீற ஷூவக் கழட்டிட்டாரு. நான் பக்கத்துல டீ வச்சிக்கினு நிக்கறேன். எனுக்கே தெரியாம வாயில வந்துட்ச்சி. நோ சார்னேன்."

"அப்பறம்?"

"அவ்ளோதான். பதினாலு வருஷத்துல நானா பேசின இங்லீஷ் அதான்."

"உங்கள அடிச்சாரா மாமா?"

"இல்ல. மறுநாளு உள்ள கூப்ட்டாரு. நாலு திட்டு வாங்கிக்கலாம்னு போனா, உக்காருன்னு கையக் காட்றாரு. சேர்ல உக்காந்தேன். மெதுவா, சிரிச்சாப்புல ஏதோ சொல்லி, கை குட்த்து, இந்தக் கவர குட்தாரு. ஆள் கொறைப்புனு கிளார்க்கு அப்பால சொன்னாரு. துரை திட்டாத நாளே அது ஒண்ணுதான் பாப்பா. நான் இன்னானு நெனைப்பேன்? நல்லதா எழுதிக்கீறாருன்னுதான நெனைப்பேன்?"

இன்சொலன்ட் பிறந்த இடத்தை நான் பார்த்தது போன வருஷம்தான். லத்தீனில் அதற்கு வழக்கத்தில் இல்லாதது என்று பொருளாம். எப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தவர். துரை என்ன நினைத்து எழுதினாரோ, மாமா விஷயத்தில் வேருக்கு வேர் பொருந்தியிருக்கிறது. அதைச் சொல்ல மாமா இப்போது இல்லை.

அன்றைக்கு மாமா குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, "அத்தைக்கு சொல்லாத" என்றார். "அந்த ரூம்ப நெனச்சிக்கினு கீறா. ஊர்ல இத்தினி பேரு பாத்தாங்க, எவனாச்சும் படிச்சானா? அந்தத் தாளாளரும் முத்திரையப் பாத்துட்டு வேல குட்துருவாரு." குடத்தின் மேல் அடித்துச் சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். தாளாளர் படிக்கக்கூடாது என்று மூன்று நாளும் சாமிகளுக்கு நடுவில் தொங்கிய அந்தச் சட்டத்தையே வேண்டிக்கொண்டேன்.

போகிற அன்றைக்கு நைனா சட்டத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். கடிதத்தைத் தனியாக எடுத்துப் போகலாம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். "கண்ணாடியோட பாத்தாதான் மதிப்பு" என்றார் நைனா. வெற்றிலை பாக்குப் பையைத் தூக்க நான். பள்ளிக்குப் பின்னால் அந்த அறை தெரிந்தது. புதுச் சுண்ணாம்பு, சின்ன ஜன்னல், வாசலில் துணி துவைக்கிற கல். அத்தைக்குச் சொல்ல எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

தாளாளர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். படித்தார். குங்குமம் மறைத்த இடத்தை விரலால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க இதைப் படிச்சீங்களா?" என்று நைனாவைக் கேட்டார்.

"படிச்சோம் சார். அத்தொட்டுதான் கண்ணாடி போட்டோம்."

தாளாளர் மாமாவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர்தான் என்று நினைக்கிறேன். சட்டத்தை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "நல்ல இங்கிலீஷ்" என்றார். "ஆனா பாருங்க, நேத்துதான் ஆளு எடுத்துட்டோம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நைனா மாமாவைப் பிடித்துக்கொண்டார். அத்தை தோட்டத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"பொம்ம மாதிரி நின்னா எவன் குடுப்பான்? தெருப் பசங்ககிட்ட மணிக்கணக்கா இங்லீஷ் பேசத் தெரியுது. அங்க ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த பேசிருந்தா வேல கெடச்சிருக்கும். சோத்துக்கு மட்டும்தான் வாயத் தொறக்கறது."

"இருக்கட்டும் வுடுங்க" என்றாள் அம்மா. "அண்ணனுக்கு இங்க இன்னா கொறச்சல்?"

மாமா சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றார். நான், "நைனா, அது சர்டிபிகேட்டே இல்ல" என்றேன். மாமாவுக்காகப் பரிந்துகொண்டு சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன். பாதிதான் உண்மை. ஊரே படிக்காததை நான் படித்தேன் என்று காட்டிக்கொள்கிற ஆசை மீதிப் பாதி. சத்தியம் பண்ணியது எனக்கு நினைவில் இருந்தது, இருந்தும் சொன்னேன்.

நைனா தாளைக் கொண்டுவரச் சொன்னார். படித்தேன். அர்த்தம் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது. போஸ்ட்மாஸ்டர், கணக்குப்பிள்ளை, கண்ணாடிக் கடைக்காரர் என்று யார் யாரிடம் காட்டினோம் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: "ஊருக்குத் தெரிஞ்சா என் மூஞ்ச எங்க வச்சிக்கறது? மாட்டு மாப்ள. இருந்த எடத்துலயே மாட்டு."

மாமா குனிந்து சட்டத்தை எடுத்தார். மாட்டத்தான் போனார்.

அதற்குள் அத்தை தோட்டத்து வாசற்படிக்கு வந்துவிட்டாள். புகையில் சிவந்த கண். மாமாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

"இன்னா பேசினாராம் தொரைகிட்ட?"

தோட்டக்காரக் கிழவர் கதையைச் சொன்னேன். ஷூவைக் கழற்றியது, வெயில், நோ சார். அத்தைக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஐந்து மாதம் ஒரே அறையில் இருந்தும் மாமா சொல்லவில்லை. முதலில் அவள் முகத்தில் வந்தது பெருமைதான். நான் பார்த்தேன். அது நிற்கவில்லை. சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆணியைத் தேடிய மாமாவின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"யாரோ ஒரு கெழவனுக்கோசரம் தொரைய எதுத்துப் பேசத் தெரிஞ்ச வாயி. அஞ்சு மாசமா இந்த அடுப்புல வெந்துக்கினு கீறேன். எனுக்கோசரம் ஒரு நாளு தொறந்துதா அது?"

அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமா சட்டத்தைக் கீழே இறக்கினார். அதை நைனாவின் கையில் கொடுத்தார். நைனா என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார்.

"மச்சான்" என்றார் மாமா. சத்தமில்லாமல்தான் சொன்னார். "இவ இனிமே இங்க நெல்லு அவிக்கமாட்டா."

அத்தை முந்தானையால் முகத்தையும் கையையும் துடைத்துக்கொண்டு, துடுப்பைப் படியோரம் சாத்திவிட்டு, பெட்டி இருந்த அறைக்குள் போனாள். மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்கள். ராஜகுளத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறார்கள், மாமா தறிக்கு நூல் சுற்றப் போகிறார் என்று ஆடியில் கேள்விப்பட்டோம். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணம் காரியத்துக்கு விருந்தாளியாக மட்டுமே வந்தாள்.

அடுப்பில் இருந்த அண்டாவை அன்றைக்கு அம்மாவும் நானுமாக இறக்கினோம். பதம் தவறி நெல் குழைந்துவிட்டது. மில்லில் கொடுத்தால் பாதி நொய்யாக வந்தது. ஆடி முடிகிறவரை அதைத்தான் சாப்பிட்டோம். நைனா ஒருநாளும் தட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.